உடையை வெட்டிய கதை

போன தடவை பரீட்சை பற்றிப் புலம்பியிருந்தேன். இந்தத் தடவை நான் செய்த ஒரு முட்டாள்தனத்தைப் பற்றி.

லீவுக்குப் பாஞ்சாலங்குறிச்சியில் ஆச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். ஊருக்கு வெளியே எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. பத்து வருஷமாக உழவில்லாமல் முள் மண்டிவிட்டது. ஜேசிபி வரச்சொல்லி எடுத்துவிடலாம் என்று முடிவானது. பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வது என் வேலை. டிரைவர் அண்ணன் ஒரு மூலையைக் காட்டி, "தம்பி, அந்த மரமுமா?" என்று கேட்டார். நான் பெரிய மனுஷன் மாதிரி, "முள்ளு எதையும் விடாதீங்கண்ணே" என்றேன்.

சாயங்காலம் ஆச்சி வந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு கேட்டாள்.

"உடைய எதுக்குல வெட்டுன?"

"உடையத்தான ஆச்சி வெட்டச் சொன்னிய?"

"அது சீம உடைல. இது நம்ம உடை. எங்க மாமியா காலத்துல இருந்து ஆடு அடைஞ்ச மரம்லா."

அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது, உடை என்று இரண்டு இருக்கிறது. நம் பக்கத்தில் சீமைக்கருவேலத்தையே உடைமரம் என்று சொல்லிச் சொல்லி, நிஜ உடைமரத்துக்குப் பெயரே இல்லாமல் போய்விட்டது. உங்களில் எத்தனை பேருக்கு வித்தியாசம் தெரியும்? எனக்குத் தெரியாது. தெரியாமல்தான் வெட்டினேன்.

நிஜ உடையைக் கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை. உச்சி தட்டையாக, விரித்த குடை போல நிற்கும். குடைவேலம் என்றும் அதற்குப் பெயர். வெள்ளையாக நீண்ட ஊசி முள்ளும் குட்டையான கொக்கி முள்ளும் கலந்திருக்கும். பூ வெள்ளை உருண்டை, காய் வளைந்து சுருண்டிருக்கும். சீமைக்கருவேலத்தின் பூ மஞ்சள் கலந்த பச்சையில் கதிர் மாதிரி நீண்டிருக்கும், காய் மஞ்சள் பீன்ஸ் போல. கருவேலத்தின் பூவோ மஞ்சள் உருண்டை. அவ்வளவுதான்.

உடைமரம் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும் இயற்கையாக வளர்வது. உலகத்தில் வேறெங்கும் கிடையாது. 1968ல் சாம்பியன், சேத் என்ற இருவர் இந்தியக் காடுகளை வகை பிரித்தபோது, இந்த மரத்தின் பெயரிலேயே 'கர்நாடகக் குடைவேலங்காடு' என்று ஒரு வகை வைத்தார்கள். அந்தக் காடு நம் திருநெல்வேலி, தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கத்துக் காடுதான். "நம்ம ஊர்ல ஏதுடா காடு, வெறும் முள்ளு" என்று நாம் கேலி பேசுகிறோமே, அந்த முள்ளுதான் காடு. வல்லநாடு மலையில் வெளிமான்கள் உலவுவதும் முட்காட்டில்தான்.

சீமைக்கருவேலம் அமெரிக்கக் கண்டத்து மரம். காமராஜர் காலத்தில் வந்தது என்று ஊரில் சொல்வார்கள். ஆனால் 1877லேயே ஜமைக்காவிலிருந்து விதை வந்து, கடப்பை பக்கம் விறகுக்காக நட்டுவிட்டார்கள். ஆடுமாடு காயைத் தின்று சாணத்தோடு விதையைப் பரப்பும். வெட்டினால் தூரிலிருந்து மறுபடி தழைக்கும். அதன் அடர்ந்த நிழலில் உடைக்கன்று எழும்பாது.

அதைத் திட்டவும் எனக்கு முழு மனசு இல்லை. மழை பொய்த்த வருஷங்களில் விளாத்திகுளம் பக்கம் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிந்தது கரிமூட்டத்தால்தான். 2017ல் மதுரை ஐகோர்ட் கிளை உத்தரவால் ஊர் ஊராக வெட்டினார்கள். 2022ல் அரசு அந்நியத் தாவரங்களை அகற்ற ஒரு கொள்கையே வெளியிட்டது. நல்ல காரியம்தான். ஆனால் மிஷின் பக்கத்தில் நிற்கிறவன் என்னைப் போல இருந்தால்?

ஜப்பானில் மிசுநாரா என்று ஒரு ஓக் மரம் உண்டு. அங்கே 1980களிலிருந்து ஓக் காடுகள் கூட்டங்கூட்டமாகக் காய்கின்றன. ஒரு சின்ன வண்டு துளைபோட்டு, கூடவே பூஞ்சையையும் உள்ளே கொண்டுபோய் விடுகிறது. முன்பு கரிக்கும் விறகுக்கும் அடிக்கடி வெட்டித் தழையவிட்ட காடுகள் அவை. காஸும் மண்ணெண்ணெயும் வந்ததும் யாரும் காட்டுப்பக்கம் போகவில்லை. மரங்கள் கிழடாகிப் பருத்தன. வண்டுக்குப் பருத்த மரம்தான் வசதி. அங்கே வெட்டாமல் விட்டதும் ஒரு காரணம், இங்கே பார்க்காமல் வெட்டுகிறோம். இரண்டு இடத்திலும் மரத்துக்கும் மனுஷனுக்கும் பழக்கம் விட்டுப்போனதுதான் விஷயம்.

எங்கள் ஊர்க் கதை உங்களுக்குத் தெரியும். 1799ல் கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்டார்கள். 1801ல் ஊமைத்துரை மறுபடி எழுப்பிய கோட்டையையும் இடித்து, அந்த இடத்தை உழுது ஆமணக்கு விதைத்தார்கள், ஊர்ப் பெயரைக் கணக்கிலிருந்தே அடித்தார்கள் என்று சொல்வார்கள். அந்தச் சண்டையில் இருந்த வெல்ஷ் என்ற வெள்ளைக்கார அதிகாரி, கோட்டையைச் சுற்றி அடர்ந்த முள்வேலி இருந்ததாக எழுதியிருக்கிறார். அது நிச்சயமாகச் சீமைக்கருவேலம் இல்லை. அது இந்தியாவுக்கு வர இன்னும் 76 வருஷம் இருந்தது. வேலியாக நின்றது நம் மண்ணின் முள்.

ஊர்ப் பெயரை அழிக்க ஒரு கும்பெனியும் பட்டாளமும் தேவைப்பட்டது. ஊர் திரும்ப வந்துவிட்டது. உடையின் பெயரை நாமே, ஒரு உத்தரவும் இல்லாமல், வேறொரு மரத்துக்குக் கொடுத்துவிட்டோம்.

மறுநாள் ஆச்சி கூட்டிப்போய்க் கண்மாய்க்கரையில் இன்னொரு உடையைக் காட்டினாள். கீழே கிடந்த காய்களைப் பொறுக்கி, விதைகளை வெந்நீரில் ஊறப்போட்டு, பால் கவரில் மண் நிரப்பிப் போட்டேன். பதினாறில் ஐந்து முளைத்திருக்கிறது. விரல் நீளம்கூட இல்லை, அதற்குள் முள் வந்துவிட்டது :)

ஆச்சி இன்னும் அந்த மூலைப்பக்கம் பார்க்கமாட்டேன் என்கிறாள். ஆடுகள் மத்தியானம் வழக்கம்போல அங்கேதான் போகின்றன. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வருகின்றன.