பேத்திக்கு ஒரு பேர்

இத்தாலிக்காரங்களும் நம்மள மாதிரிதாங்க. பேர் வைக்கிற விஷயத்துல மட்டுமாவது.

தம்பிக்கு துரின்ல வேலை. அவன் பொண்டாட்டி லெச்சே பக்கத்துப் பொண்ணு. இத்தாலி மேப்பு பூட்ஸ் மாதிரி இருக்கும்ல, அதுல குதிகால்தான் லெச்சே. அந்தத் தெக்குப் பக்கத்துல பழைய வழக்கம் ஒண்ணு உண்டு. மூத்த பையனுக்கு அப்பாவைப் பெத்த தாத்தா பேரு, மூத்த பொண்ணுக்கு அப்பாவைப் பெத்த பாட்டி பேரு. நம்ம பேரன், பேத்திங்கற வார்த்தைகளே பெயரன், பெயர்த்தியில இருந்து வந்ததுதானே!

பொறக்கப்போறது பொண்ணுன்னு அங்க முன்னாடியே சொல்லிட்டாங்க. சம்பந்தியம்மா ஒரே பிடிவாதம்: "மாப்பிள்ளையோட அம்மா பேர்தான்."

எங்கம்மா பேரு ஜோதி. அம்மாவோ வேண்டவே வேண்டாம்னுட்டாங்க. "என் பேரை வச்சுட்டு மருமக அந்தப் புள்ளையை எப்படிடா அதட்டுவா?" எல்லாரும் சிரிச்சோம். ராத்திரி தனியா இருக்கும்போதுதான் என்கிட்ட சொன்னாங்க: "அங்க பொறக்கற புள்ள, பள்ளிக்கூடத்துல தெனமும் தன் பேரை விளக்கிக்கிட்டே திரியணுமா? அந்த ஊர் பேரே இருக்கட்டும்." கொஞ்ச நேரம் கழிச்சு, "என் வாயில நுழையணும். போன்ல பாக்கற புள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிடக்கூட முடியலன்னா அப்புறம் நான் என்ன பாட்டி?"

அம்மா பயந்ததுல நியாயம் இருக்கு. இத்தாலியன்ல 'ஜே' எழுத்து சொந்த எழுத்தே கிடையாது. வர்ற இடத்துல பெரும்பாலும் 'ய'ன்னு வாசிப்பாங்க. துரின் ஃபுட்பால் டீம் யுவென்டஸ் அப்படி வந்ததுதான். ஜோதி அங்க 'யோத்தி' ஆயிடும்.

"அண்ணே, எழுதறவன் நீதானே, ஒரு பேர் சொல்லு"ன்னான் தம்பி. உக்காந்து படிச்சதுல சுவாரஸ்யமான சங்கதி நிறைய கிடைச்சது. 2000ஆம் வருஷத்து சட்டம் ஒண்ணு இருக்கு. உயிரோட இருக்கற அப்பா பேரையோ, அண்ணன் தம்பி அக்கா தங்கச்சி பேரையோ குழந்தைக்கு வைக்கக்கூடாது. கேலிக்கு இடமான பேரும் கூடாது. அதிகபட்சம் மூணு பேரு சேக்கலாம். ஜெனோவாவுல ஒரு தம்பதி பையனுக்கு 'வெனெர்தி', அதாவது வெள்ளிக்கிழமைன்னு பேர் வச்சாங்க. கோர்ட்டு ஒத்துக்கல. கிரெகோரியோன்னு கோர்ட்டே மாத்திடுச்சு!

சித்தி பொண்ணு ஆண்ட்ரியான்னு வைக்கச் சொன்னா. நமக்கு அது பாட்டு பாடற பொண்ணு. இத்தாலியில காலங்காலமா ஆம்பளை பேரு. பொண்ணுக்கும் வைக்கலாம்னு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னதே 2012லதான். லூக்கா, நிக்கோலா, மத்தியா எல்லாமே ஆம்பளைங்கதாங்க.

அப்பத்தான் வீரமாமுனிவர் ஞாபகம் வந்தது. இத்தாலியில பொறந்த பெஸ்கி, தன்னோட 'கொன்ஸ்தான்ஸோ'ங்கற பேரைத் தமிழாக்கித் தைரியநாதர்னு வச்சுக்கிட்டவர். அவர் அங்கருந்து இங்க கொண்டுவந்தாரு. நாம இங்கருந்து அங்க கொண்டுபோனா என்ன? பேரை அப்படியே வைக்காம, அர்த்தத்தை வைப்போம்!

ஜோதின்னா ஒளி. முதல்ல வந்தது லுச்சீயா. லத்தீன்ல ஒளிங்கற சொல்லுல இருந்து வந்த பேரு. ஆனா நம்ம ஊருக்கு லீவுல வந்தா பசங்க 'லூசு'ன்னு கூப்பிடுவானுங்களே. இன்னும் மோசமா 'லுச்சா'ன்னும் சுருக்கலாம் :-)

அடுத்தது கியாரா. பிரகாசமான, தெளிவானன்னு அர்த்தம். அசிசி நகரத்துப் புனிதர் பேரு. ஃபிரான்சிஸோட வழியில போனவங்க, 1253ல இறந்தவங்க. நோயில படுத்திருந்தப்போ கோயில்ல நடந்த பூசையைத் தன் அறைச் சுவத்துலயே பாத்தாங்கன்னு ஒரு கதை உண்டு. அதை வச்சு 1958ல போப் அவங்களை டெலிவிஷனுக்கே பாதுகாவலரா அறிவிச்சாரு. சாயங்காலத்துல இருந்து சீரியல் முன்னாடி உக்கார்ற எங்கம்மாவுக்கு இதைவிட வேற என்ன வேணும்?

ஆகஸ்ட் 11 அந்தப் புனிதரோட நாள். அங்க பொறந்தநாள் மாதிரி பேர்நாளும் கொண்டாடுவாங்க. வருஷத்துக்கு ரெண்டு தடவை போன் பண்ணி வாழ்த்தலாம்னு அம்மாவுக்கு அதுல ஒரு தனி சந்தோஷம்.

அர்த்தத்தைச் சொன்னதும் சம்பந்தியம்மாவுக்கும் சம்மதம். "அப்ப அது உங்கம்மா பேர்தானே"ன்னாங்களாம்.

பொறந்து பத்து நாளுக்குள்ள நகராட்சியில பதியணும். தம்பி போய்ப் பதிஞ்சுட்டான்.

இப்ப அம்மா வாட்ஸ்அப்ல பேத்தியைத் தெனமும் கூப்பிடறாங்க. 'கியாரா' ஒரு வாரம்தான் தாங்குச்சு. அப்புறம் 'கிளியாரா' ஆச்சு. இப்ப வெறும் 'கிளி'. அந்தப் புள்ளையும் அதுக்குத்தான் திரும்பிப் பாக்குது.