வாட்கின்ஸ் கிளென்னில் ஒரு நாள்

அருவி என்றவுடன் தென்பாண்டிச் சீமையிற் பிறந்தார்க்குக் குற்றாலமே முதலில் நினைவிற்கு வரும். யாம் இக்கல்லூரியிற் பயின்ற காலத்தில் சாரற் பருவந்தோறும் தோழருடன் அங்குச் சென்று, பேரருவியின்கீழ் மூச்சுத் திணறத் திணற நின்றதும், செண்பகாதேவிவரை மலையேறியதும் உண்டு. அருவியாவது ஆடுதற்குரியது என்பதே அக்காலத்து எம் கருத்து. நடந்து காண்பதற்கென்றே போற்றப்படும் அருவிகளும் உலகில் உள என்பதைக் கடல்கடந்து வாழத் தொடங்கிய பின்னரே அறிந்தோம். அத்தகைய இடம் ஒன்றினையும், அங்கு எம் அன்னையாருடன் சென்ற ஒரு நாளினையும் பற்றி இம்மலரின் வாயிலாக நண்பர்கட்குச் சில கூற விழைகின்றோம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளுள் ஒன்றாகிய நியூயார்க் மாநிலத்தின் நடுப்பகுதியில், விரித்த கையின் விரல்களைப் போல வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் பதினொரு ஏரிகள் உள. அவற்றை அந்நாட்டார் விரல் ஏரிகள் என்றே வழங்குவர். அவற்றுள் செனெகா ஏரி ஏறக்குறைய 38 மைல் நீளமும், மிக ஆழ்ந்த இடத்தில் 618 அடி ஆழமும் உடையது. செனெகா என்பது அந்நிலத்துப் பழங்குடியாருள் ஒரு பிரிவினரின் பெயர். 1779ஆம் ஆண்டில் நிகழ்ந்த படையெடுப்பில் அவ்வேரிக்கரையில் இருந்த அவர்தம் ஊர்களும் விளைநிலங்களும் தீக்கிரையாக்கப்பட்டன. ஏரியின் பெயர் மட்டும் மாறாது நின்றது.

இவ்வேரியின் தென்கோடியில் அமைந்த சிற்றூரே வாட்கின்ஸ் கிளென். கிளென் என்பதற்கு ஒடுங்கிய பள்ளத்தாக்கு என்பது பொருள். ஊரின் கடைத்தெருவை ஒட்டியே மாநிலப் பூங்காவின் வாயில் இருக்கின்றது. பூங்காவின் பரப்பு 778 ஏக்கரே. நூறாயிரக்கணக்கான ஏக்கர் அளவுள்ள காடுகள் பல பெற்ற அந்நாட்டில் இஃது ஒரு வீட்டுக் கொல்லையை ஒக்கும். எனினும், இச்சிறு நிலத்தினுள்ளே ஓர் ஓடை இரண்டு மைல் தூரத்தில் 400 அடி இறங்குகின்றது. இறங்கும் வழியில் 19 அருவிகளாக வீழ்கின்றது. இரு மருங்கிலும் 200 அடி உயரமுள்ள பாறைச் சுவர்கள் நிற்கின்றன.

இவ்விந்தை எவ்வாறு அமைந்தது என்பதை நிலநூல் வல்லார் தெளிவாக விளக்குவர். ஏறத்தாழ 38 கோடி ஆண்டுகட்கு முன்னர் இந்நிலப்பகுதி கடலாக இருந்தது. அக்கடலடியில் படிந்த சேறும் மணலும் நாளடைவில் இறுகிக் களிப்பாறையும் மணற்பாறையும் ஆயின. நெடுங்காலம் கழிந்து வடதிசையிலிருந்து பெரும் பனிப்பாளங்கள் ஊர்ந்து வந்து, பழைய ஆற்றுப் பள்ளத்தாக்குக்களை ஆழக் குடைந்தன. அவை உருகிய பின்னர்ப் பள்ளங்கள் ஏரிகளாயின. பக்கத்திலிருந்து வந்து கலந்த சிற்றோடைகளோ குடையப்படாமல் மேட்டிலேயே தொங்கி நின்றன. அவ்வாறு உயரத்தில் விடப்பட்ட ஓடைகளுள் ஒன்றே இது. கடந்த பன்னீராயிரம் ஆண்டுகளாக இது பாறையை அறுத்துக்கொண்டே இருக்கின்றது. மென்மையான பாறை விரைவில் கரைகின்றது; வன்மையான பாறை விளிம்பாக நின்றுவிடுகின்றது. அவ்விளிம்புதோறும் ஓர் அருவி பிறக்கின்றது. அறுக்கும் தொழில் இன்னும் முடியவில்லை என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

1863ஆம் ஆண்டில் மார்வால்டன் எல்ஸ் என்னும் பத்திரிகையாளர் ஒருவர் இப்பள்ளத்தாக்கினைப் பொதுமக்கள் வந்து காணுமாறு திறந்தார். அந்நாளில் இது தனியார் உடைமை. நாற்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின்னர், 1906இல், நியூயார்க் அரசினர் இதனை விலைக்கு வாங்கி மாநிலத்தின் பொதுவுடைமை ஆக்கினர். யாம் சென்ற நாளில் வண்டி நிறுத்துவதற்கே கட்டணம் பெற்றனர். நடந்து வந்தாரிடம் ஒன்றும் பெற்றிலர்.

நிற்க. எம் அன்னையார் எழுபது வயதைக் கடந்தவர். எம் தந்தையார் காலமான பின்னர், ஊரில் அவரைத் தனியே விட்டிருக்க மனமின்றி எம்முடன் அழைத்துவந்தோம். அவர் வந்து சேர்ந்தது ஐப்பசி மாதம். சில நாட்களிலேயே பனி பெய்யத் தொடங்கிற்று. ஆறு திங்கள் அவருக்கு வீடே உலகமாயிற்று. சாளரத்தருகே அமர்ந்து வெண்ணிறத் தெருவையே நோக்கிக்கொண்டிருப்பார். பேச்சு நாளுக்கு நாள் குறைந்தது. “எனக்குச் சீட்டு எப்போது எடுக்கப் போகிறாய், ஐயா?” என்பதொன்றையே மாதம் இருமுறை வினவுவார். மருத்துவர் நாள்தோறும் நடத்தல் வேண்டும் என்றார். யாமும் வற்புறுத்தினோம். “போகிற இடம் ஒன்று இல்லாமல் எதற்கு நடப்பது?” என்றார் அன்னையார். சந்தைக்கும் கோயிலுக்கும் உற்றார் வீட்டிற்கும் வாழ்நாளெல்லாம் நடந்தவர் கேட்ட கேள்வி அது. எமக்கு விடை தோன்றவில்லை.

ஜூன் மாதத்தில் ஒருநாள் எம் மனைவி, “அத்தை, அருவிக்குப் போவோமா?” என்று கேட்டாள். அன்னையார் நிமிர்ந்து பார்த்தார். மறுநாட் காலையில் துண்டும் மாற்றுச் சேலையும் அடங்கிய ஒரு பையுடன் எமக்கு முன்னரே வாயிலில் நின்றார்.

பூங்காவின் கீழ்வாயிலை அடைந்தபோது, ஓடையில் எவரும் இறங்கலாகாது என்று எழுதிய பலகையைக் கண்டோம். அதனை அன்னையாருக்கு எடுத்துரைத்தோம். அவர் பையை ஒருமுறை பார்த்தார். “தலையைக் கொடுக்காத அருவி என்ன அருவி?” என்று கூறி, அதனை வண்டியிலேயே வைத்தார். அடுத்து ஓர் ஆராய்ச்சி எழுந்தது. பள்ளத்தாக்கின் வழி ஒன்றரை மைல் நீளமும் 832 கற்படிகளும் உடையது. வண்டியில் மேல்வாயிலுக்குச் சென்று அங்கிருந்து இறங்கிவருதல் முதியோர்க்கு எளிது என்பது எம் கருத்து. அன்னையார் உடன்படவில்லை. “ஏறினால் மூச்சுத்தான் வாங்கும், நின்றால் அது திரும்ப வந்துவிடும். இறங்கினால் முழங்கால் போய்விடும், அது திரும்பி வராது” என்றார். கீழிருந்தே ஏறலானோம்.

வழியின் தொடக்கம் பாறையைக் குடைந்த ஒரு சுரங்கம். அதனைக் கடந்து சிறு பாலம் ஒன்றில் நின்றவுடன் வெயிலும் ஊரின் ஓசையும் ஒருங்கே அற்றன. தண்மை உடலைத் தழுவிற்று. சற்று மேலே முதற் பேரருவி. அதன்முன் வழி நின்றுவிடவில்லை. அருவித் தாரைக்கும் பாறைக்கும் இடையே புகுந்து அப்பாற் சென்றது. நீர்த்திரையின் பின்னே நின்று உலகினை நோக்கும் வாய்ப்பு எமக்கு அதற்குமுன் வாய்த்ததில்லை. அன்னையார் கைப்பிடிச் சுவரில் ஒரு கையை ஊன்றி, மற்றொரு கையைத் திரையினுள் நீட்டினார். பனியுருகிய நீர்போல் குளிர்ந்த அந்நீரைத் தலையில் தெளித்துக்கொண்டார், ஒன்றும் பேசவில்லை.

அதற்கப்பால் பள்ளத்தாக்கு ஓரிடத்தில் இருவர் கைகோத்தால் இருபுறமும் தொடலாம் போலக் குறுகியது. மற்றோரிடத்தில் பேராலயத்தின் நடுக்கூடம்போல அகன்றது. அகன்ற அவ்விடத்தில் பாறைத்தளத்தின்மீது அலைவரிகள் பதிந்திருக்கின்றன. தூத்துக்குடிக் கடற்கரையில் நீர் வடிந்தபின் மணலில் காணும் அதே வரிகள், பழங்கடலின் அடித்தளத்தில் பதிந்து கல்லாய்ச் சமைந்தவை. சுவர்களெங்கும் பாசியும் பெரணியும் தழைத்துள்ளன. ஓடைநீர் சுழன்று சுழன்று கல்லைக் கடைந்து வட்டமான குழிகளை ஆக்கியிருக்கின்றது. அவற்றில் தேங்கிய நீர் பச்சைநிறமாய் அசைவற்றுக் கிடக்கின்றது.

அன்னையார் விரற்கணுக்களைத் தொட்டுத் தொட்டுப் படிகளை எண்ணிவந்தார். இருநூற்றுக்கு மேல் எண்ணிக்கை தவறிவிடவே, படிகளையே உற்று நோக்கலானார். பின்னர், “இந்தப் படியைப் போட்டவன் ஆளின் கால் பார்த்துப் போட்டிருக்கிறான். மூச்சு முட்டுகிற இடத்தில் தளம் விட்டிருக்கிறான். யார், ஐயா, அவன்?” என்று வினவினார்.

நல்ல வினா. அதற்கு விடை உண்டு. 1935ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அந்நிலப்பகுதியில் பெருமழை பொழிந்து வெள்ளம் புரண்டது. பலர் உயிரிழந்தனர். இப்பள்ளத்தாக்கில் அமைத்திருந்த பழைய நடைவழிகளை வெள்ளம் வாரிக்கொண்டு போயிற்று. அக்காலமோ வறுமை தலைவிரித்தாடிய காலம். வேலையற்றுத் திரிந்த இளைஞர்களைத் திரட்டி, காடு வளர்க்கவும் பூங்காக்களைச் செப்பனிடவும் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் 1933இல் ஒரு தொண்டர் படை அமைத்திருந்தார். சிவிலியன் கன்சர்வேஷன் கோர் என்பது அதன் பெயர். அதிற் சேர்ந்தோர்க்கு உணவும் உடையும் உறையுளும் கொடுத்து, மாதம் 30 டாலர் கூலியும் அளித்தனர். அதில் 25 டாலர் அவர்தம் பெற்றோர்க்கு நேரே அனுப்பப்பட்டது. அப்படையினரே இயற்கைக் கல்லைக்கொண்டு இவ்வழியை மீண்டும் அமைத்தனர். பாறையோடு பாறையாகப் பொருந்துமாறு அவர் வேலை செய்தமையால், எது ஓடை செய்த படி, எது ஆள் செய்த படி என்று சிலவிடங்களில் பிரித்தறிதல் அரிது.

இதனை யாம் கூறியபோது அன்னையார் நின்றுவிட்டார். “இருபத்தைந்து வீட்டுக்கா?” என்று மீண்டும் கேட்டார். ஆம் என்றோம். “பிள்ளை அனுப்பிய பணம் வந்த வீட்டில் அன்றைக்கு உலை கொதித்திருக்கும்” என்று கூறி, அடுத்த படியில் காலை வைத்தார். பின்னும் ஏறுகையில், கைப்பிடிச் சுவரின் கற்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே சென்றதைக் கண்டோம்.

வானவில் அருவி என்னும் இடமே இவ்வழியின் சிகரம். அங்குத் தென்புறச் சுவரின் உச்சியிலிருந்து மெல்லிய நீர்த்திரை ஒன்று வழியின்மேலேயே வீழ்கின்றது. மாலைவெயில் சாய்ந்து பாயும்போது அத்திரையில் வானவில் தோன்றும். எமக்கு முன் சென்றோர் கைகளால் தலையை மறைத்துக்கொண்டு ஓடிக் கடந்தனர். அன்னையார் ஓடவில்லை. முந்தானையை இடுப்பிற் செருகிக்கொண்டு, நீர் சொரியும் இடம் பார்த்து நின்றுகொண்டார். தலை நனைந்தது, தோள் நனைந்தது. ஓடையில் இறங்கலாகாது என்பதன்றோ விதி! வழியில் நிற்றற்குத் தடை ஏதும் எழுதப்பட்டிலது. பின்வந்த அந்நாட்டு மூதாட்டி ஒருவர் அவரைக் கண்டு நகைத்து, தாமும் அருகில் வந்து நின்றார். இருவர்க்கும் ஒருவர் மொழி மற்றவர்க்குத் தெரியாது. எனினும் நெடுநேரம் பேசினர்.

மைல் பாலம் என்னும் இடத்தை அடைந்தபோது பிற்பகலாயிற்று. அதற்குமேல் அரைமைல் சென்றால், மேல்வாயிலுக்கு ஏறும் 180 படிகள் ஒரே தொடராக நிற்கும். யாக்கோபின் ஏணி என்று அதனை அழைக்கின்றனர். எம் மனைவி அன்னையாரின் முகத்தை நோக்கினாள். அவர் கல்லொன்றில் அமர்ந்து முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டார். “அந்த ஏணி அடுத்த தடவைக்கு இருக்கட்டும்” என்றார். அடுத்த தடவை என்னும் சொல்லை அவர் வாயினின்று எட்டுத் திங்களில் அன்றே முதலிற் கேட்டோம்.

காட்டுவழியாகத் திரும்பினோம். மேட்டுநிலத்தில் ஓக்கும் மேப்பிளும், பள்ளத்தை அடுத்து ஹெம்லாக் என்னும் ஊசியிலை மரங்களும் அடர்ந்துள்ளன. ஹெம்லாக்கின் நிழலே ஓடையைக் குளிர்விப்பது. இம்மரங்களின் சாற்றை உறிஞ்சிக் கொல்லும் சிறு பூச்சி ஒன்று ஆசியாவிலிருந்து அந்நாட்டிற் புகுந்து, விரல் ஏரிகளின் பக்கத்திலும் பரவியிருக்கின்றது. கிளைகளின் அடியில் வெண்பஞ்சுபோல் அஃது ஒட்டியிருக்கும். காட்டினைக் காப்போர் மரம் மரமாக மருந்திட்டுப் போராடிவருகின்றனர். பள்ளத்தாக்கின் வழியையும் ஆண்டுதோறும் பனிக்காலத்தில் அடைத்துவிடுவர். உறைபனி பாறையின் வெடிப்புக்களைப் பிளந்துவிடுமாதலின், வசந்தத்தில் பணியாளர் கயிற்றில் தொங்கித் தளர்ந்த கற்களைத் தட்டித் தள்ளிய பின்னரே மக்களை உள்ளே விடுவர். முன்னோர் ஒருமுறை அமைத்த வழியை ஆண்டுதோறும் ஒருவர் புதுப்பித்தாலன்றி அது நில்லாது.

அன்னையார் அக்கோடை முழுதும் நாள்தோறும் நடந்தார். போகும் இடம் ஒன்று கிடைத்துவிட்டதன்றோ! செப்டம்பரில் யாக்கோபின் ஏணியை ஏழு இடங்களில் நின்று ஏறி முடித்தார். ஐப்பசியில் தம் விருப்பப்படியே ஊர் திரும்பினார். இப்போது தொலைபேசியில் எம்முடன் பேசும்போதெல்லாம் அப்படிகள் நலமா என்று கேட்கின்றார்.

அழகிய இடங்களை இறைவன் எங்கும் படைத்திருக்கின்றான். அவற்றை யார் காணலாம் என்பதை முடிவு செய்வோர் மக்களே. 1906இல் விலைகொடுத்து வாங்கியோரும், 1935க்குப் பின்னர்க் கல்சுமந்தோரும் எம் அன்னையாரை அறியார். அவருள் எவர் பெயரும் அப்படிகளிற் பொறிக்கப்பட்டிருக்க யாம் காணவில்லை. பத்தொன்பது இருபது வயது இளைஞர் சிலர், இக்கல்லூரி மாணவரை ஒத்த பருவத்தினர், மூச்சு முட்டும் இடம் எதுவென்று எண்ணிப்பார்த்து அங்கு ஒரு தளம் விட்டனர். ஒரு மூதாட்டி அதில் நின்று இளைப்பாறி மேலே நடந்தார்.