ரியாக்‌ஷன் பிடிக்கும் நேரம்

ஹைதராபாத்தை ஒட்டிய பட்டான்செருவில் மருந்து மூலப்பொருள் தயாரிக்கும் ஆலை அது. ‘கிரிக்னார்டு பிளாக்’ மற்ற கட்டடங்களிலிருந்து தள்ளித் தனியாக நிற்கிறது. கூட்டிப்போன ஷிஃப்ட் இன்சார்ஜ் விருதுநகர்க்காரர். செல்போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். ஈதர் வகைக் கரைப்பான்கள் புழங்கும் இடத்தில் ஒரு சின்னப் பொறியும் ஆகாது.

மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சிட்டலோப்ராம் மாத்திரைக்கான இடைப்பொருள்தான் அன்றைய வேலை. மெக்னீசியம் சீவலை ரியாக்டரில் போட்டு, டி.எச்.எஃப். கரைப்பானை ஊற்றி, புரோமோஃபுளோரோபென்சீன் என்ற புரோமைடைச் சிறிது சிறிதாக விடுகிறார்கள். கார்பனுக்கும் புரோமினுக்கும் நடுவே மெக்னீசியம் புகுந்துகொள்கிறது. அப்படி உருவாகும் கரிம உலோகச் சேர்மம் இன்னொரு மூலக்கூறின் கார்பனோடு போய் இணையும். கார்பனோடு கார்பனைச் சேர்க்க இவ்வளவு நேரான வழிகள் அதிகம் இல்லை. பிரான்சின் லியோன் நகரில் ஆசிரியர் பார்பியே தொட்டுவைத்த வேலையை மாணவர் விக்டர் கிரிக்னார்டு 1900இல் தெளிவான முறையாக்கினார். 1912இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்தச் சேர்மத்துக்குத் தண்ணீர் ஆகாது. பட்ட அளவுக்குச் சேர்மம் அழியும், சூடும் கிளம்பும். அதனால் ரியாக்டரை முன்பே காயவைத்து நைட்ரஜன் நிரப்பியிருந்தார்கள். கரைப்பானின் ஈரத்தை ‘கார்ல் ஃபிஷர்’ கருவியில் பார்த்து, லேப் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வால்வைத் திறந்தார்கள். மூலையில் வாளி வாளியாக உலர்ந்த மணல். மெக்னீசியம் தீப்பிடித்தால் தண்ணீரும் கார்பன் டை ஆக்சைடும் அதை வளர்த்துவிடும்.

மூத்த ஆபரேட்டர் தெலுங்குக்காரர். இன்சார்ஜே அவரை “அண்ணா” என்றுதான் கூப்பிடுகிறார். மெக்னீசியத்தின் மேல் ஆக்சைடு படலம் இருப்பதால் வினை உடனே தொடங்காது. படலத்தை உடைக்கக் கொஞ்சம் அயோடின் போட்டார்கள். பிறகு புரோமைடில் சிறு பங்கை மட்டும் விட்டு வால்வை மூடினார் அண்ணா. பார்வைக் கண்ணாடி வழியே என்னையும் பார்க்கச் சொன்னார். உள்ளே பழுப்புத் திரவம் சுழன்றுகொண்டிருந்தது. வெப்பமானி அசையவில்லை. யாரும் எதையும் தொடவில்லை.

“இன்னும் பிடிக்கல சார். பிடிக்காம மேல விட்டா சேர்ந்துக்கிட்டே போகும். அப்புறம் மொத்தமும் ஒரே நேரத்துல பிடிக்கும்” என்றார் இன்சார்ஜ். டி.எச்.எஃப். 66 டிகிரியில் கொதிக்கும். தேங்கிய புரோமைடு முழுவதும் ஒன்றாக வினைபுரிந்தால் குளிரூட்டி ஈடுகொடுக்காது. கரைப்பான் பொங்கும், அழுத்தம் ஏறும், ஆவி வெளியே பீறிடும், தீப்பிடிக்கும்.

பழுப்பு மெல்ல வெளிறி, திரவம் சாம்பல் நிறமாகக் கலங்கியது. வெப்பமானி தானாக ஏறியது. “பிடிச்சிருச்சு” என்றார் அண்ணா. குளிரூட்டியைத் திறந்துவிட்டு, மீதிப் புரோமைடைச் சொட்டுச் சொட்டாக விடத் தொடங்கினார். வெப்பம் கூடினால் சொட்டை நிறுத்துவார், இறங்கினால் தொடர்வார். பல மணி நேரம் இதே வேலை. முடிந்ததும் ரியாக்டரைச் சுத்தமாக வடிக்கவில்லை. பாலுக்கு உறைமோர் விடுவதுபோல, அடியில் கொஞ்சம் விட்டுவைத்தால் அடுத்த பேட்ச் சீக்கிரம் பிடிக்குமாம்.

வெப்பமானியும் அலாரமும் அவசியம்தான். ஆனால் பிடிக்காதபோது ‘இன்னும் கொஞ்சம் விட்டுப் பார்ப்போம்’ என்ற ஆசையை அடக்குவது மனிதரின் வேலை. அந்தப் பொறுமைக்கு நிர்வாகம் இடம் கொடுக்க வேண்டும். பேட்ச் எத்தனை மணிக்கு முடிய வேண்டும் என்ற அட்டவணை, ரியாக்‌ஷன் பிடிக்கும் நேரத்தை மட்டும் கணக்கில் சேர்க்கக் கூடாது. வால்வை மூடிவிட்டுக் காத்திருக்கும் ஆபரேட்டரிடம் ‘ஏன் தாமதம்’ என்று எந்த அதிகாரியும் கேட்கக் கூடாது. நாம் விழுங்கும் மாத்திரைக்குப் பின்னால் நிற்பவர்கள் பத்திரமாக வீடு திரும்ப, இந்த ஒரு விதியை எல்லா ஆலைகளும் எழுதிவைக்க வேண்டும்.