உறங்காத கால்கள்

இராச் செபம் முடித்து விளக்கை அணைத்துப் படுத்ததும் உடல் ஓய்வைத் தேடுகிறது. கால்களோ அதனை ஏற்க மறுக்கின்றன. கெண்டைக்காலுக்குள் எறும்பு ஊர்வது போன்ற ஒரு தவிப்பு. சதை முறுக்கிப் பிடித்துக்கொள்ளும் வலி அன்று. அசைத்தால் அடங்கும், அசையாதிருந்தால் மீண்டும் தொடங்கும். ஐம்பதைக் கடந்த நாம், ஈராண்டுகளாக இதனோடு இரவுகளைக் கழித்து வருகிறோம்.

சில உபாயங்களைப் பழகிக்கொண்டோம். மல்லாந்து படுப்பதைவிட, ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களுக்கிடையே தலையணை ஒன்றை வைத்துக்கொள்வது நமக்கு இதமாயிருக்கிறது. அதற்கும் அடங்காவிடில் எழுந்து, சுவரில் கைகளை ஊன்றி, ஒரு காலைப் பின்னே நீட்டிக் குதிகாலைத் தரையில் அழுத்தி, கெண்டைச் சதை இழுபடுமாறு அரை நிமிடம் நிற்கிறோம். பின்பு மறு கால். சில வேளைகளில் படுத்தபடியே உள்ளங்கால்களைச் சுவரில் பதித்து அழுத்துகிறோம்.

அவ்வாறு அழுத்திய ஓர் இரவில், நம்மைப் பெற்ற தாயார் நினைவுக்கு வந்தார்கள். அவர்களும் இப்படித்தான் சுவரில் பாதங்களைப் பதித்துப் படுப்பார்கள். நடுச்சாமத்தில் எழுந்து முற்றத்தில் நடப்பார்கள். குருமட விடுமுறையில் வந்திருந்த நாம், "ஏம்மா இப்படி ராத்திரியெல்லாம் நடக்குற? மத்தவங்களையாவது தூங்க விடு" என்று கடிந்துகொண்டோம். "காலுக்குள்ள என்னமோ பண்ணுதுப்பா" என்றார்கள். வீண் கவலை என முடிவு கட்டி, செபமாலை சொல்லுமாறு அறிவுரை கூறினோம். ஆறு பிள்ளைகளைப் பெற்று வெளிறிப்போயிருந்த அந்த முகத்தை நாம் உற்றுப் பார்க்கவில்லை.

மருத்துவர் நமக்கு விளக்கினார். இது கற்பனையன்று, நோயே. 1672-ஆம் ஆண்டிலேயே தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். 1945-இல் சுவீடன் நாட்டு மருத்துவர் எக்பாம் இதனை விரிவாக ஆராய்ந்தார். குடும்பத்தில் வழிவழியாக வருவதுண்டு. கருவுற்ற பெண்களையும் சிறுநீரக நோயாளரையும் மிகுதியாகத் தாக்கும். உடலில் இரும்புச் சத்துக் குறைவது ஒரு முக்கிய காரணம். இரத்தச் சோகை இல்லாதவரிடமும் இரும்பின் சேமிப்புக் குறைந்திருக்கலாம். அதனைப் பெர்ரிட்டின் என்னும் இரத்தப் பரிசோதனை காட்டும். மாலைக் காப்பியும், சளிக்கு உட்கொள்ளும் சில மாத்திரைகளும் சிலருக்குத் தொல்லையைப் பெருக்கும். ஆயினும், இரும்பு மாத்திரையை மருத்துவரைக் கேளாமல் விழுங்கலாகாது.

ஆகவே, படுக்கும் நிலையை மாற்றுவது அந்த நேரத்துக்கான ஆறுதலே, நோய்க்கு மருந்தன்று. தலையணை நம்மை அன்றிரவு உறங்க வைக்கலாம், காரணத்தைக் கண்டறியாது.

அன்பர்களே, உங்கள் இல்லத்திலும் தாயோ மனைவியோ இரவில் எழுந்து நடக்கக்கூடும். கடிந்துகொள்ளாதீர்கள். "காலில் என்ன செய்கிறது?" என்று கேளுங்கள், சொல்வதை நம்புங்கள், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நாம் கேட்டிருக்க வேண்டிய அந்த ஒரு கேள்வியை, இனிக் கேட்பதற்கு நம் தாயார் இல்லை.