மலை அரசின் கடல்வாயில்

இலங்கையின் எழிலைக் காணப் புறப்படுவோர் பெரும்பாலும் மலையை நோக்கியே செல்வர். கண்டியின் தலதா மாளிகை, நுவரெலியாவின் குளிர், சிவனொளிபாத மலையின் சூரியோதயம் என்பனவற்றுக்கே பயண நூல்கள் முதலிடம் தருகின்றன. புத்தளக் கரையிலோ அண்ணாந்து பார்க்கத்தக்கது எதுவுமில்லை. தென்னந்தோப்பு, உப்பளம், களப்பு, மணல்மேடு என நிலம் தட்டையாகவே கிடக்கின்றது. எனினும், மலைநாட்டு அரசின் தலைவிதியிற் பெரும்பங்கு இத்தட்டை நிலத்திலேதான் நிர்ணயிக்கப்பட்டது. அதற்குச் சாட்சியாகக் கற்பிட்டியில் ஒல்லாந்தர் கோட்டை நிற்கின்றது.

கோட்டை எழுவதற்கு முன் இக்கரை திறந்த வாயிலாக இருந்தது. 1344 ஆம் ஆண்டில் மாலைதீவிலிருந்து வந்த இபுனு பதூதா புத்தளத்திற் கரையிறங்கியபோது அவரை வரவேற்றவன் யாழ்ப்பாண ஆரியச் சக்கரவர்த்தி. செல்வம் வேண்டாம், ஆதிபிதா ஆதமின் பாதச்சுவடுள்ள மலைக்குச் செல்ல வழிவேண்டும் என்றார் விருந்தினர். மன்னன் பல்லக்கும் வழித்துணையும் கொடுத்தனுப்பினான். இசுலாமியப் பயணி ஒருவர் இந்து மன்னனின் உதவியோடு பல சமயத்தாரும் வணங்கும் மலைக்குச் சென்ற பயணம் இக்கரையிலேதான் தொடங்கிற்று.

அவ்வாயில் அடைபட்ட கதையே கோட்டையின் கதை. போர்த்துக்கேயரை விரட்டுவதற்கு ஒல்லாந்தரைத் துணைக்கழைத்த இரண்டாம் இராசசிங்கன், 1656 இல் கொழும்பு வீழ்ந்தபின் தான் ஏமாற்றப்பட்டதை உணர்ந்தான். 1659 இல் கற்பிட்டி ஒல்லாந்தர் வசமாயிற்று. 1667 இல் தொடங்கிய கோட்டை வேலை 1676 இல் நிறைவெய்தியது. நான்கு மூலைகளிலும் கொத்தளங்கள் அமைந்த, ஏறக்குறையச் சதுரமான சிறு கோட்டை அது. சுவர்கள் முருகைக்கல்லாலானவை. வாயிலோ மஞ்சள் நிறச் செங்கல்லாலானது. அதன் உச்சியில் மணிக்கூடும் உண்டு. தூரத்தே நின்று நோக்குவோர் அதனைத் தேவாலய முகப்பென்றே கருதுவர். தேவாலயம் கட்டவே மன்னன் இசைந்தானென்றும், அதனாலேயே வாயிலை அவ்வாறு சமைத்தனரென்றும் ஒரு கதை வழங்குகின்றது. மெய்யோ பொய்யோ, கட்டியவர்களின் குணத்துக்குப் பொருந்திய கதைதான்.

கோட்டையின் நிலையைக் கவனித்தல் வேண்டும். அது பெருங்கடலின் கரையிலன்றிக் களப்பின் கரையிலே நிற்கின்றது. புத்தளக் களப்பு வடக்கே வாய்திறந்து கடலோடு கலப்பது. அவ்வாயிலுக்குள் நுழையும் தோணி புத்தளத்தை அடையும். அங்கிருந்து சரக்கு மலைக்கு ஏறும். மலையில் நெல் விளையும், உப்பு விளையாது. உப்பும் கருவாடும் இக்கரையிலிருந்து போயாக வேண்டும். கண்டி அரசிற் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையிருந்து தப்பிய உறொபேட் நொக்சு, 1681 இல் வெளிவந்த தம் நூலில், படகுகள் வராதபடி தடுக்க ஒல்லாந்தர் இம்முனையிற் கோட்டை வைத்திருப்பதைக் குறிப்பிடுகின்றார். மலையை முற்றுகையிட மலையேற வேண்டியதில்லை என்பதை ஒல்லாந்தர் நன்கறிந்திருந்தனர். 1766 ஆம் ஆண்டு உடன்படிக்கையில் கண்டி மன்னன் கரை முழுவதையும் இழந்தான். மலைநாட்டார் கரையில் உப்பு அள்ளிக்கொள்ளும் உரிமை மட்டும் எஞ்சியது. அவ்வாறு கரையை இழந்த கீர்த்தி சிறீ இராசசிங்கனே, போர்த்துக்கேயர் இடித்த முன்னேசுவர ஆலயத்தைப் புதுப்பித்தவன் என்பதும் நினைக்கத்தக்கது.

1795 இல் கோட்டை ஆங்கிலேயர் கைக்கு மாறிற்று. 1815 இற் கண்டி அரசே வீழ்ந்துவிட, அடைப்பதற்கு வாயிலும் இல்லாது போயிற்று.

இக்கற்பிட்டியிலேதான் 1807 இல் சைமன் காசிச்செட்டி பிறந்தார். இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் மக்களையும் அகரவரிசையில் விவரிக்கும் அவரது ஆங்கில நூல் 1834 இலும், தமிழ்ப் புலவர் வரலாறு கூறும் ‘தமிழ் புளூட்டாக்’ 1859 இலும் வெளிவந்தன. ஒவ்வோர் ஊருக்கும் ஒரு குறிப்பு எழுதிவைக்க வேண்டுமென்ற எண்ணம், பல நாட்டுத் தோணிகள் வந்துபோன துறையொன்றிற் பிறந்தவருக்குத் தோன்றியதில் வியப்பில்லை.

1990 ஒக்டோபரில் இத்துறைக்கு வேறு வகைப் படகுகள் வந்தன. வடமாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முசுலிம் மக்கள், 70,000க்கும் மேற்பட்டோர் என மதிப்பிடப்படுவர். அவருள் மன்னார்த் தீவைச் சேர்ந்தோர் கடல்வழியே கற்பிட்டியில் வந்திறங்கினர். வெளியேற்றியவர் பேசியதும் தமிழ். வெளியேறியவர் பேசியதும் தமிழ். தமிழ்ச் சங்கத்தின் ஏடொன்று இதனை மென்று விழுங்குதல் ஆகாது. படகுகளைத் தடுக்கவென்று ஒருகாலத்திற் கோட்டை கட்டப்பட்ட கரையில், இவர்களுக்குச் சோறாக்கிக் கொடுத்தவர்கள் அவ்வூர் மக்களே. பாலாவியிலிருந்து கற்பிட்டி செல்லும் வீதியின் இருமருங்கும் ஓலைக் கொட்டில்கள் எழுந்தன. அவற்றுட் பல பின்னர் கல்வீடுகளாயின. அன்று தாயின் இடுப்பிலிருந்து இறங்கிய குழந்தைகள் இன்று நடுவயதை எட்டுகின்றனர்.

இப்போது அதே வீதியாற் சுற்றுலாப் பயணிகள் செல்கின்றனர். நவம்பர் முதல் ஏப்பிரல் வரை ஓங்கில்களைக் காண்பதற்கும், தென்மேற்குக் காற்றுக் காலத்திற் பட்டத்தோடு அலைமேற் சறுக்குவதற்கும் வருவோரே அவருட் பெரும்பாலார். வழியில் 2011 இல் இயங்கத் தொடங்கிய நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தெரியும். தட்டையான இக்கரையில் மலைச்சிகரத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது அதுவே. கோட்டை கடற்படையினரின் பொறுப்பில் இருக்கின்றது. செல்வோர் முகாம் வாயிலில் அனுமதி பெற்று, கடற்படையினர் ஒருவர் உடன்வர, மணிக்கூட்டின் கீழே குனிந்து உள்ளே நுழைகின்றனர். கூரையிழந்த சுவர்களைச் சுற்றிவந்து கொத்தளத்தில் ஏறினால் களப்பு கண்முன்னே விரியும். மறுகரையில் உப்பு வெண்மையாய்க் குவிந்திருக்கும் புத்தளம் அங்கிருந்து தென்படாது. ஆனால் அங்கு செல்லும் தோணி எதுவும் இக்கொத்தளத்தின் கண்ணுக்குத் தப்பியிருக்க முடியாது.