எந்த இரைன்னு கேக்காதீங்க

டெக்சாஸ் காயல்கள்ல ஃபிளவுண்டர் பிடிக்க எந்த இரை நல்லதுன்னுதான் எல்லாரும் கேக்குறாங்க. கேள்வியே தப்பு. இது இரையைத் துரத்திக்கிட்டு ஓடுற மீன் இல்ல. ரெண்டு கண்ணும் இடப்பக்கம். மணலுக்குள்ள தட்டையாப் புதைஞ்சு கிடந்து, வாய்க்கிட்ட வர்றதைக் கவ்வும். அதனால ஓதம் வடியும்போது சதுப்புநிலத்துச் சின்ன ஓடை காயல்ல வந்து விழுற வாய்தான் இடம். இறாலும் மடவைக் குஞ்சும் அந்த வழியாத்தான் வந்தாகணும். தூண்டில்ல எது இருந்தாலும் தரையை உரசிக்கிட்டு மெல்ல வரணும், அவ்வளவுதான்.

படகை மிதக்கவிட்டுத் திறந்த தண்ணியில பிடிக்கிறாங்களேன்னு கேப்பீங்க. அவங்களும் இரையைத் தரையோட இழுத்துக்கிட்டுத்தான் போறாங்க. ராத்திரி விளக்கோட ஆழமில்லாத தண்ணியில நடந்து ஈட்டியால குத்துறவங்களுக்கோ இரையே வேணாம். மணல்ல லேசாத் தெரியுற மீனோட முட்டை வடிவ விளிம்பு கண்ணுல பட்டாப் போதும்.

இடம் தெரிஞ்சா இவ்வளவு சுலபங்கிறதுதான் மீனுக்கு வினை. இலையுதிர் காலத்துல முட்டையிடக் கடலுக்குப் போறப்ப குறுகலான முகத்துவாரங்கள்ல கூட்டமா மாட்டும். அதான் 2021லேர்ந்து நவம்பர் 1 முதல் டிசம்பர் 14 வரை பிடிக்கத் தடை. பெரிசா வளர்றது பெரும்பாலும் முட்டையிடுற பெண் மீன்தான்ங்கிறப்ப, இந்த ஆறு வாரம் போதுமா?