நிற்கக் கூடாத சாலையில் ஒரு ஸ்டெப்னி

அந்தமான் டிரங்க் ரோட்டில் போகும் வண்டியின் பின்பக்கம் எதை மாட்டலாம்? படகுத் துறையின் சரிவு, கடலின் உப்பு, காட்டுக்குள் வாழும் மக்கள் - இந்த மூன்றையும் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஜிர்காடாங் செக்போஸ்ட்டில் பொழுது விடியும் முன்பே வரிசை தொடங்கிவிடுகிறது. டூரிஸ்ட் டாக்சிகள், பஸ்கள், சரக்கு லாரிகள், நடுநடுவே உயரமான டயர் போட்ட ஜீப்புகள். முதல் கான்வாய் காலை 6 மணிக்கு. அதுவரை பயணிகள் டீக்கடையில் நிற்கிறார்கள். விவரம் தெரிந்த டிரைவர்கள் மட்டும் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து ஒவ்வொரு டயரையும் பார்க்கிறார்கள். கடைசியில் பின்பக்கம் வந்து ஸ்டெப்னியையும் ஒரு தட்டு தட்டிப் பார்க்கிறார்கள்.

காரணம் இருக்கிறது. கேட் திறந்த பிறகு மிடில் ஸ்ட்ரெயிட் படகுத் துறை வரை சுமார் 50 கி.மீ. தூரம் வண்டியை நிறுத்தக் கூடாது. வேகம் 40 கி.மீ.யைத் தாண்டக் கூடாது. முந்தக் கூடாது. போட்டோ எடுக்கக் கூடாது. முன்னும் பின்னும் போலீஸ் வண்டி வரும். சாலையின் இரு புறமும் இருப்பது ஜாரவா பழங்குடியினரின் காப்புப் பகுதி.

2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரிலிருந்து வடக்கே டிக்லிபூர் வரை, 300 கி.மீ.க்கு மேல் போகிறது அந்தமான் டிரங்க் ரோடு. இன்று அது தேசிய நெடுஞ்சாலை 4-ன் பகுதி. 1970-களில் வேலை வேகமெடுத்து 1989-ல் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்ட சாலை. வேட்டையாடியும் மீன் பிடித்தும் தேன் எடுத்தும் வாழும் ஜாரவாக்கள், தங்கள் காட்டைக் கிழித்துக்கொண்டு வந்த இந்தச் சாலையைப் பல ஆண்டுகள் வில்லும் அம்பும் கொண்டு எதிர்த்தார்கள். 1998 வாக்கில்தான் ஆயுதமின்றிச் சாலையோரம் வரத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே அவர்களிடையே தட்டம்மை பரவியது. 2001 கணக்கெடுப்பில் அவர்கள் 240 பேர். 2011-ல் 380 பேர்.

காப்புப் பகுதிக்குள் செல்லும் சாலையை மூடும்படி 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. சாலை மூடப்படவில்லை. வடக்கு, மத்திய அந்தமானில் வாழும் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் இதுவே வழி என்பது நிர்வாகத்தின் வாதம். 2012-ல், ஜாரவாப் பெண்களை ஆடச் சொல்லிப் படமெடுத்த வீடியோ வெளியாகி உலகெங்கும் கண்டனம் எழுந்தது. அதே ஆண்டு பழங்குடியினர் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டு, தண்டனை 7 ஆண்டு சிறை வரை உயர்த்தப்பட்டது.

இத்தனை விதிகளும் மனிதர்களுக்கு. டயருக்கு அவை தெரியாது. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லி மீட்டர் மழை பெய்யும் தீவுகள் இவை. மழை அரித்த சாலையோரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கல் போதும், டயரின் பக்கவாட்டைக் கிழிக்க. அப்போது வண்டி நின்றுதான் ஆக வேண்டும். எத்தனை நிமிடம் நிற்கிறது என்பதுதான் கேள்வி. ஐந்து பயணிகள் காட்டுக்குள் இறங்கி, இருமிக்கொண்டும் பிஸ்கட் தின்றுகொண்டும் முக்கால் மணி நேரம் நிற்பது ஒன்று. பத்து நிமிடத்தில் சக்கரம் மாற்றிக் கிளம்பிவிடுவது வேறு. வெளியாரின் சாதாரணக் காய்ச்சல்களுக்கே எதிர்ப்புச் சக்தி குறைந்த மக்களின் வாசலில் இந்த வித்தியாசம் சிறியதல்ல.

வேல்ஸில் பிறந்த பெயர்

'ஸ்டெப்னி' என்ற சொல்லை இங்கிலாந்துக்காரர்களே இன்று ஏறக்குறைய மறந்துவிட்டார்கள். ஆரம்ப காலக் கார்களில் உபரிச் சக்கரம் கிடையாது. பஞ்சர் ஆனால் நடுவழியில் உட்கார்ந்து ஒட்ட வேண்டியதுதான். 1904 வாக்கில் வேல்ஸ் நாட்டின் லனெத்லி என்ற ஊரில் டேவிஸ் சகோதரர்கள், ஆரக்கால் இல்லாத வளையத்தில் காற்றடித்த டயரை மாட்டி விற்றார்கள். பஞ்சரான சக்கரத்தின் மேலேயே அதைக் கவ்வி முடுக்கிவிட்டு ஓட்டிப் போகலாம். கடை இருந்த தெருவின் பெயர் ஸ்டெப்னி. கம்பெனி போய்விட்டது, பெயர் இந்தியப் பட்டறைகளில் தங்கிவிட்டது. பிரேசிலில்கூட உபரிச் சக்கரத்துக்கு 'எஸ்டெபி' என்றுதான் பெயர்.

இந்தியாவில் அந்தச் சக்கரமே இப்போது விருப்பப்பட்டால் மட்டும் என்றாகி வருகிறது. டியூப்லெஸ் டயரும், காற்றழுத்தத்தைக் காட்டும் கருவியும், பஞ்சர் ஒட்டும் கிட்டும் உள்ள கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020-ல் விதிகள் திருத்தப்பட்டன. சென்னையின் ஓ.எம்.ஆர். சாலைக்கு அது போதும். ஆணி குத்திய துளையைக் கிட் அடைக்கும். பக்கவாட்டுக் கிழிசலை அடைக்காது. பட்டறைகளுக்கு வெகு தூரமான காட்டுச் சாலையில் ஐந்தாவது சக்கரத்துக்கு மாற்று இல்லை.

எங்கே மாட்டுவது?

ஸ்டெப்னியைச் சுமக்க மூன்று இடங்கள் உண்டு. முதலாவது, வண்டியின் அடிவயிறு. இன்னோவா, ஸ்கார்ப்பியோ போன்றவை இந்த ரகம். பார்வைக்குக் கச்சிதம். ஆனால் சேற்றில் மல்லாந்து படுத்து இறக்க வேண்டும். உப்புக் காற்றில் துருப்பிடித்த கேபிள் பல நேரம் அசையவே அசையாது.

இரண்டாவது, பின்கதவு. பொலேரோ, தார், ஜிம்னி, கூர்க்கா ஆகியவற்றில் கம்பெனியே அங்கு மாட்டித் தருகிறது. சில நட்டுகளைக் கழற்றினால் சக்கரம் கையில். இரண்டாம் உலகப் போரின் வில்லிஸ் ஜீப்பும் ஸ்டெப்னியை முதுகில்தான் சுமந்தது.

மூன்றாவது, ஆஃப்-ரோடு பிரியர்கள் மயங்கும் இடம்: கனத்த இரும்புப் பம்பர், அதிலிருந்து கதவு போலத் திறக்கும் தனிக் கேரியர். இதற்கும் ஒரு நியாயம் உண்டு. பின்கதவின் கீல்கள் கம்பெனி டயரின் எடைக்குக் கணக்கிட்டவை. பெரிய டயரும் இரும்பு ரிம்மும் சேர்ந்தால் எடை 40 கிலோவைத் தாண்டும். குலுங்கும் சாலையில் அது கதவை இழுத்து இழுத்து, கீல் தொய்ந்து, தகட்டில் கீறல் விழும். கேரியர் அந்தப் பளுவைக் கதவிலிருந்து எடுத்துச் சேசிஸுக்குக் கொடுத்துவிடுகிறது.

அதற்கான விலை எடை. பம்பரும் கேரியரும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பின் அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால் அது தொங்கினால், 2.45 மீட்டர் வீல்பேஸ் உள்ள மூன்று கதவுத் தாரில் பின் அச்சு சுமப்பது கூடுதலாக 113 கிலோ. முன் சக்கரங்களின் மேல் இருந்த எடையில் 33 கிலோ குறைந்துவிடும். ஈரச் சரிவில் பிரேக் பிடிப்பதும் ஸ்டியரிங் திரும்புவதும் முன் சக்கரங்களை நம்பித்தான். மேலே ஏணி, டீசல் கேன் என்று அடுக்க அடுக்கக் கணக்கு இன்னும் மோசமாகும்.

படகுத் துறைப் பரீட்சை

காடு முடிந்ததும் மிடில் ஸ்ட்ரெயிட். இங்கே வண்டிகள் படகில் ஏறி எதிர்க்கரையில் பாராடாங் தீவின் நிலாம்பூருக்குப் போகின்றன. கடையில் அழகாகத் தெரிந்த பம்பருக்கு உண்மையான பரீட்சை இங்கேதான். அந்தமானில் கடலின் ஏற்ற இறக்கம் பெரிய ஓதங்களில் ஏறத்தாழ 2 மீட்டர். நீர் வற்றிய நேரத்தில் துறைக்கும் படகின் பலகைக்கும் நடுவே சரிவு கூடிவிடுகிறது. முன் சக்கரம் மேலே ஏறும்போது வால் கீழே இறங்கும்; தாழ்ந்து தொங்கும் பம்பர் தரையைச் சுரண்டும்.

பின் டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து வாலின் தாழ்ந்த புள்ளிக்கு ஒரு கோடு இழுத்தால் கிடைக்கும் கோணத்தை 'டிபார்ச்சர் ஆங்கிள்' என்கிறார்கள். மூன்று கதவுத் தாரில் அது 36.8 டிகிரி, ஜிம்னியில் 50 டிகிரி என்பது கம்பெனிக் கணக்கு. புதிய பம்பர் சில அங்குலம் கீழே இறங்கினாலோ பின்னால் நீண்டாலோ அதில் பல டிகிரி போய்விடும். காசு கொடுத்து ஆஃப்-ரோடு திறமையைக் குறைத்துக்கொள்வது என்பது இதுதான். ஓரங்கள் மேல்நோக்கி வெட்டப்பட்ட, அசல் பம்பரைவிடத் தாழாத வடிவமே தேவை.

வாங்குபவர் பார்க்க வேண்டியவை இன்னும் சில. பம்பர் சேசிஸின் முனைகளில் போல்ட் போட்டு நிற்க வேண்டும். தகட்டில் வெல்டிங் வைத்தது உதவாது. கேரியர் சுழலும் அச்சில் பேரிங்கும், கிரீஸ் அடிக்க வழியும் வேண்டும். சரிவில் நிற்கும்போது திறந்த கேரியர் தானாக மூடிக் கையை நசுக்காமலிருக்க ஒரு பூட்டு அவசியம். சேற்றில் சிக்கினால் இழுக்க, சேசிஸோடு சேர்ந்த கொக்கி இருக்க வேண்டும். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் கயிறு கட்டினால் அது முறிந்து குண்டு போலப் பாயும். நம்பர் பிளேட்டும் பின் விளக்குகளும் மறையக் கூடாது. கான்வாயில் பின்னால் வருபவருக்கு அந்தச் சிவப்பு விளக்குதான் வழிகாட்டி.

அடுத்தது உப்பு. படகுத் துறையின் தெறிப்பும் ஆண்டில் பாதிக்கு மேல் பெய்யும் மழையும் சாதாரணப் பெயின்ட்டை விட்டுவைப்பதில்லை. மேலே பளபளக்கும் பவுடர் கோட்டிங்கில் ஒரு கல் பட்டால் போதும், உள்ளே துரு ஊர்ந்துகொண்டே போகும். துத்தநாகக் குளியல் கொடுத்த இரும்பு நீடிக்கும். குழாய் வடிவ பம்பர் என்றால் தண்ணீர் வடிய அடியில் துளை வேண்டும். இத்தனைக்கும் சென்னையிலிருந்து கடலில் சுமார் 1,200 கி.மீ. தாண்டி வர வேண்டிய பொருள் இது. உடைந்த ஒரு பேரிங்குக்குக்கூடக் கப்பலைப் பார்த்துக் காத்திருக்க நேரலாம்.

சட்டத்தின் குறுக்கீடு

இவற்றுக்கெல்லாம் மேலே சட்டம் நிற்கிறது. பாதசாரிகளுக்கு ஆபத்து என்று, வண்டிகளில் மாட்டும் கிராஷ் கார்டு, புல் பார் ஆகியவற்றின் மீது நடவடிக்கை எடுக்கும்படி 2017 டிசம்பரில் மத்திய போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. தயாரிப்பாளரின் அசல் விவரங்களிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அதே ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ. 5,000 அபராதமோ 6 மாதம் வரை சிறையோ கிடைக்கலாம். போக்குவரத்து அலுவலகத்தில் கேட்ட பிறகே ஸ்பேனரை எடுப்பது நல்லது. சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், ஓரமாக மனிதர்கள் நடக்கும் குறுகிய காட்டுச் சாலையில் வண்டியின் அகலத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு யாருக்கும் நல்லதல்ல.

கூட்டிக் கழித்தால் விடை சாதாரணமானது. கம்பெனி அளவு டயரோடு வருபவருக்குக் கம்பெனி கொடுத்த பின்கதவுக் கேரியரே போதும். கீல் நட்டுகளை முடுக்கி வைத்தால் சரி. பெரிய டயருக்கு மாறித்தான் ஆக வேண்டும் என்பவருக்கு மட்டுமே தனிக் கேரியர், அதுவும் இருப்பதில் மிக இலேசானது. அவர் ஐந்தாவது டயரையும் அதே அளவில் வாங்க வேண்டும். அளவு மாறிய ஒரு சக்கரத்தோடு நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டால் கியர்கள் பாழாகும். எல்லோருக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு: ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று பார்ப்பது. விலையுயர்ந்த கேரியரில் காற்றில்லாத டயரைச் சுமந்து போகிறவர்கள் குறைவில்லை.

பாராடாங்கைத் தாண்டினால் ஹம்ப்ரி நீரிணை. முன்பு இங்கேயும் படகுக்குக் காத்திருக்க வேண்டும், இப்போது 1.45 கி.மீ. நீளப் பாலம் இருக்கிறது. பிறகு கதம்தலா, ரங்கத், மாயாபந்தர், கடைசியில் டிக்லிபூர். 2011 கணக்குப்படி இத்தீவுகளில் சுமார் 15 சதவீதம் பேருக்குத் தமிழ் தாய்மொழி. பஞ்சர் கடையில் தமிழ் கேட்டால் ஆச்சரியப்பட வேண்டியதில்லை.

டிக்லிபூர் அருகே காலிபூரில் கருமணல் கடற்கரை விரிந்து கிடக்கிறது. இவ்வளவு தூரம் வந்த நான்கு சக்கர வண்டிக்கு மணலில் இறங்கிப் பார்க்கும் ஆசை வருவது இயல்பு. ஆனால் ஆலிவ் ரிட்லி உள்ளிட்ட கடல் ஆமைகள் முட்டையிடும் மணல் அது. டயர் ஏறினால் கீழே முட்டைகள் நசுங்கும். பொரித்து வரும் குஞ்சு டயர்த் தடத்தின் பள்ளத்தில் விழுந்தால் கடலை எட்டாமல் வெயிலில் சாகும். வண்டியைத் தார்ச் சாலையில் விட்டுவிட்டு நடந்து போவதே இங்கு முறை.

திரும்பும் வழியில் மீண்டும் மிடில் ஸ்ட்ரெயிட், மீண்டும் கான்வாய், மீண்டும் 50 கி.மீ. காடு. ஜிர்காடாங் கேட்டைத் தாண்டியதும் வண்டிகள் வேகமெடுத்துக் கலைகின்றன. போனபோது மாட்டியிருந்த ஸ்டெப்னி, மேலே சேறு மட்டும் அப்பி, கழற்றப்படாமல் அப்படியே திரும்பி வந்திருந்தால் அது நல்ல பயணம். காட்டுக்குள் இருப்பவர்களுக்கும்தான்.